எடுத்துப் போகாத கவுன்

தையல்காரன் வாழ்நாள் முழுக்கச் சொல்லும் பொய் ஒன்றே ஒன்றுதான்: "பட்டன் மட்டும்தான் பாக்கி, நாளைக்கு வாங்க." நாவலப்பிட்டியில் இருபது வருஷமாக நானும் இதையே சொல்லிப் பிழைக்கிறேன். துணியைக் கொடுத்துவிட்டுச் செருப்புத் தேய நடந்த உங்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல.

பட்டன் மட்டும்

யோகம்மா மேல் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிப்பவள். தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, மகள் மலருக்குத் தைக்கக் கொடுத்திருந்த கவுனை வாங்க அவளோடு வந்தாள். ரோஜா நிறத் துணி, இடுப்பில் சுருக்கு, பின்னால் முடிச்சுப் போடப் பட்டி என்று எல்லாம் மலரே சொல்லிக் கொடுத்திருந்த கவுன். நான் வழக்கம்போல் பட்டன் கதையை எடுத்துவிட்டேன். ஒன்பது வயதுப் பிள்ளை, மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தது. "அம்மா, துணி மடிச்சபடியே கெடக்கு. மாமா இன்னும் வெட்டவே இல்ல!"

கோட்டு

மறுநாள் மத்தியானம் மழையில் மலைமண் சரிந்து, அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசையை மூடிவிட்டது. மலையூற்றுப் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்ததால் யோகம்மா தப்பினாள். வீட்டில் இருந்த மலரை நாள் கணக்கில் தோண்டியும் கண்டெடுக்கவில்லை. அந்தக் கவுனை நான் அந்த வாரமே தைத்து முடித்தேன். யாருக்கு என்று கேட்காதீர்கள். சனிக்கிழமையே கொடுத்திருந்தால் பிள்ளை ஒரு தரமாவது போட்டுப் பார்த்திருக்கும். இதை நினைக்காமல் நான் கடை திறந்த நாள் கிடையாது.

மிஞ்சிய சனம் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தது. நிவாரணமாக வந்த உடுப்பில் ஒன்றாவது ஒருவருக்காவது பொருந்த வேண்டுமே! மெசினைத் தூக்கிக்கொண்டு அங்கேயே போய் உட்கார்ந்தேன். பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து, அழுதுகொண்டே கையால் ஓரம் அடித்தார்கள். மனைவியைப் பறிகொடுத்த முத்தையாவுக்குக் கிடைத்தது ஒரு கம்பளிக் கோட்டு. முழங்காலைத் தொட்டது. வெட்டிச் சின்னதாக்கித் தருகிறேன் என்று கத்தரியை எடுத்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெட்டிப்புடாதீங்க தம்பி. இதப் போட்டுக்கிட்டு ஆபீசுக்குப் போனாத்தான் உக்கார கதிரை குடுக்குறாங்க."

வாசலில்

கவுனைக் கடை வாசலில் தொங்கவிட்டேன். யோகம்மா பார்ப்பாள், வந்து எடுத்துக்கொள்வாள் என்று எண்ணம். குண்டசாலையிலிருந்து வந்த ஒரு அம்மாள் விலை கேட்டார், விற்பதற்கில்லை என்றேன். மாதங்கள் ஓடின, யோகம்மா வரவேயில்லை. அவள் வருத்தப்பட்டிருந்தால் என்னைத் திட்டவாவது வந்திருப்பாளே என்று எனக்குள் ஒரு பக்கம் கோபம்கூட வந்தது. எதிர்ப்பக்கம் புடவைக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர்தான், ஒருநாள் ரோட்டைக் கடந்து வந்தார்.

"அத உள்ளுக்கு எடுத்து வைங்க தம்பி. அந்தப் புள்ளட உம்மாவுக்கு இதக் கண்டுக்கிட்டு இந்தப் பக்கமா வர ஏலாம, சந்தையால சுத்திப் போறா."

அன்றைக்கே அதை மடித்து அலுமாரிக்குள் வைத்தேன்.

நாலு விரல்

அடுத்த தீபாவளி நெருக்கத்தில் யோகம்மா தானாகவே வந்தாள். அலுமாரியைத் திறந்து கவுனை எடுத்து மேசைமேல் வைத்தேன். பட்டன்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அடிப்பக்கத்தைத் திருப்பினாள். வளரும் பிள்ளைகளின் உடுப்பில் நாலு விரல் துணியை மடிப்பில் விட்டுத் தைப்பது எங்கள் வழக்கம்.

"பிரிச்சு விடுங்கண்ணே. வருசம் ஒண்ணாச்சு, வளந்திருப்பா."

எவ்வளவு விடுவது என்று அளவு நாடாவைக் கையில் எடுத்தேன். அவளே தன் நெஞ்சுக்கு நேராகக் கையை வைத்துக் காட்டினாள்.

"இப்ப இது வரைக்கும் வருவா."

உடுப்பு பிடிக்கவில்லை, அளவு சரியில்லை என்று திட்டிக்கொண்டு போட்ட பிள்ளை திரும்பி வரமாட்டாதா என்று ஒரு தையல்காரன் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது, எனக்குத் தெரிந்து, இந்த ஒரு கவுனுக்குத்தான்.