அபாரிசியோ நின்ற இடம்

இருட்டறையில் ஒடிலாவின் இடது கை தட்டின் விளிம்பைத் தூக்கித் தூக்கி இறக்கியது. படத்தின் உருவை வெளிக்கொண்டுவரும் உருத்துலக்கும் நீர் தாளின் மேல் போவதும் வருவதுமாக இருந்தது. வலது கை இடுக்கியோடு காத்திருந்தது. சிவப்பு விளக்கின் கீழ் முதலில் நாடக அரங்கின் மாடத்து வளைவுகள் தெரிந்தன. பிறகு மடங்கிய இருக்கைகள், வரிவரியாக. மூன்றாம் வரிசை ஓரத்தில் மட்டும் ஒரு கறை.

அந்தக் கறைக்காகத்தான் ஒடிலா இந்த பிலிமைத் தேடி எடுத்திருந்தாள்.

நாடக அரங்கு, நூலகம், நீதிமன்றம் என்று பைசாந்து நகரத்தில் ஆளில்லாத கட்டடங்களை மட்டுமே இருபத்திரண்டு வருடமாகப் படமெடுத்து வந்தவள் அவள். ஒவ்வொரு படத்துக்கும் கேமராவின் கண்ணைப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் திறந்து வைக்க வேண்டும். அவ்வளவு நேரமும் அவள் கணவன் அபாரிசியோ கறுப்புச் சட்டையில், இருட்டு மூலைகளுக்குக் கைவிளக்கைக் காட்டியபடி உள்ளேயே நடப்பான். நடந்துகொண்டே இருப்பவனை பிலிம் கண்டுகொள்ளாது. நிற்கக் கூடாது, அது ஒன்றுதான் சட்டம். அவள் எடுத்த படம் அத்தனையிலும் அவன் இருந்தான். ஒன்றிலும் தெரியவில்லை.

ஆகஸ்டில் அவன் இறந்தான். கல்லறைத் திருநாளுக்குள் அவன் முகப் படத்தைப் பீங்கான் வில்லையில் ஏற்றிக் கல்லறைக் கல்லில் பதிக்க வேண்டும் என்று, அவனை வளர்த்த அக்கா நில்டா வந்து நின்றாள். கல்யாணப் படத்தை ஆற்று வெள்ளம் கொண்டுபோயிருந்தது. ஒடிலா அவனுடைய அடையாள அட்டையை நீட்டினாள்.

"இதுவா? கோழி திருடி மாட்டிக்கிட்டவன் மாதிரி முழிக்கிறான். வேற இல்லையா?"

"நான் ஆளுங்களை எடுக்கிறதில்லையே அக்கா."

"ஊர்ல இருக்கிற நாற்காலி எல்லாத்தையும் எடுத்த. என் தம்பி ஒருத்தன்தான் உன் கண்ணுல படல, இல்ல?"

அவள் போன பிறகுதான் ஜூலையில் கெட்டுப்போன பிலிம் ஒடிலாவுக்கு நினைவு வந்தது. அன்று ஏழாவது நிமிடத்தில் அவன் நின்றுவிட்டான். விளக்கு அவன் பக்கமே திரும்பிவிட்டது.

"நடப்பா! எதுக்கு நின்ன?"

"ஷூ கயிறு அவுந்துருச்சும்மா."

"உனக்குக் கயிறு, எனக்கு பிலிம் போச்சு. வீட்டுலயே ரெண்டு முடிச்சாப் போட்டுட்டு வந்தா என்ன?"

"அடுத்த தடவை வெறுங்காலோட வர்றேன் முதலாளியம்மா."

அவள் சிரிக்கவில்லை. உறையின் மேல் 'கெட்டது' என்று எழுதிப் பெட்டிக்கடியில் தள்ளினாள். அதிலிருந்து மூன்றாவது வாரம் குளியலறை வாசலில் அவன் விழுந்தான். மாரடைப்பு.

இப்போது பெரிதாக்கும் கருவியை உயர்த்தி, அந்த ஓரத்தை மட்டும் புதுத் தாளில் விழவைத்தாள். தட்டில் அவன் வந்தான். அரைகுறையாகப் பதிந்த கால்களை ஊடுருவி இருக்கைகள் தெரிந்தன. முகத்தை மட்டும் விளக்கு பிடித்துக் கொடுத்திருந்தது. கண்கள் மூடியிருந்தன. கயிறு கட்ட நின்றவன் குனிந்திருக்க வேண்டும். அவன் குனியவே இல்லை. இடது கையை நெஞ்சின் மேல் வைத்து அழுத்தியிருந்தான். அசையாத கை என்பதால் ஐந்து விரலும் தெளிவாக விழுந்திருந்தன.

ஒடிலா தட்டை ஆட்ட மறந்தாள். தாள் கறுத்துப் போனது. மறுபடி ஒன்று போட்டாள்.

காய்ந்த பிறகு, பீங்கான்காரர் கொடுத்த முட்டை வடிவ அட்டையை மேலே வைத்துப் பார்த்தாள். முகம் சரியாக உள்ளே உட்கார்ந்தது. கை வெளியே போய்விட்டது. ஜெபத்தில் கண்மூடியவன் போல இருந்தான். இப்படியே வெட்டிக் கொடுத்தால் நில்டா முத்தமிட்டு வாங்கிக்கொள்வாள். எதையும் கேட்கமாட்டாள்.

கத்தரி கையில் வெகுநேரம் இருந்தது.

மறுநாள் காலை நில்டா வந்து, மாத்தே தேநீர்க் குடுவையை மேசையில் வைத்தாள்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது. பீங்கானுக்கு முகம் மட்டும் போதும். ஆனா நீங்க முழுசாப் பாக்கணும் அக்கா. கை எங்க இருக்குன்னு பாருங்க. ஜூலையிலேயே நெஞ்சு வலியில நின்னிருக்கான். நான் திட்டினேன்."

நில்டா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். வெட்டாத படத்தை ஒடிலா அந்தக் கைகளில் வைத்தாள்.