பஸ்ஸில் திரும்பி வந்தவர்

அறுபதுகளின் தொடக்கத்தில் செஞ்சி கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு வேர்க்கடலை மண்டி இருந்தது. வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். வல்லம், சிங்கவரம் பக்கத்து விவசாயிகள் வண்டி கட்டிக்கொண்டு மூட்டைகளோடு வந்து இறங்குவார்கள். நாங்கள் தமிழ்ச் சமணர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்போம், தண்ணீரை வடிகட்டிக் குடிப்போம், கோயிலுக்குப் போவோம், வியாபாரம் பார்ப்போம். அதற்குமேல் பெரிய பக்தி என்று எங்கள் வீட்டில் ஒன்றும் இருந்ததில்லை. என் கணவர் சத்தமாகப் பேசுகிறவர். வண்டிக்காரர்களோடு அவர் போடும் சண்டை வீட்டுக் கூடம்வரை கேட்கும். கடைக்குப் பின்னால்தான் வீடு.

அறுவடைக்கு முன்னால் பயிரைப் பார்த்து வர அவர் சைக்கிளில் சிங்கவரம் பக்கம் போவார். வழியில் திருநாதர் குன்று. அதன் மேலே ஒரு பெரிய பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாகக் காலை மடித்து உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் வெயிலுக்கு ஒதுங்கி அவரும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

"கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கினு இருந்தேன். நல்லா இருந்துது" என்றார் வீட்டுக்கு வந்து.

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாளும் போனார். அப்புறம் தினமும் விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். சில மாதங்களில் வண்டிக்காரர்களோடு சண்டை நின்றுவிட்டது. ஒருநாள் ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன். அவர் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். நான் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. அன்றைக்குத்தான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. குடித்துவிட்டு வரும் புருஷனைப் பற்றி யாரிடமாவது போய் முறையிடலாம். உப்பில்லாத ரசத்தைக் குறை சொல்லாமல் சாப்பிடுகிறவரைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வது?

அந்த வருஷம் மழைக்காலத்துக்குப் பிறகு ஒரு திகம்பர முனிவர் எங்கள் ஊருக்கு வந்தார். தமிழர்தான். கால்நடையாகவே ஊர் ஊராகப் போகிறவர். கோயிலில் தங்கியிருந்த நாளெல்லாம் என் கணவர் அங்கேயே இருந்தார். கடைசியில், அவரோடு போக வேண்டும், முதலில் பிரம்மசாரி விரதம் எடுத்துக்கொண்டு வெள்ளை உடையில் கூட நடக்க வேண்டும், தகுதி வந்தபின் துறவு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று என்னிடம் சொன்னார். முனிவர் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: வீட்டில் சம்மதமா?

எங்களுக்கு ஒரே மகள், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் நானே கோயிலுக்குப் போய், தள்ளி நின்று கும்பிட்டு, "அவர் வரட்டும் சாமி" என்றேன்.

முனிவர் என்னைப் பார்த்து, "மனசார சொல்றியாம்மா, அழுதுகினு சொல்றியா?" என்று கேட்டார்.

"ரெண்டுந்தான் சாமி" என்றேன்.

அவர் கையை உயர்த்தி ஆசீர்வதித்தார்.

வழியனுப்பு விழா கல்யாணம்போல நடந்தது. மேளம், குடை, பூ. முந்தின வாரம்வரை அவரோடு விலை பேசிச் சண்டை போட்டவர்கள் கால் தொட்டுக் கும்பிட்டார்கள். எதிர்வீட்டு ஜவுளிக்கடைக்காரர் மனைவி என்னை அக்கா என்றும் அவரை மாமா என்றும் கூப்பிட்டு வாய் ஓயாமல் கேலி செய்கிறவள். அவள்கூடத் தெருவில் விழுந்து கும்பிட்டு அழுதாள். மகள் மட்டும் என் பின்னால் ஒளிந்துகொண்டு, "நைனாவ நானும் கும்புடணுமா?" என்று கேட்டாள்.

அவர் போனபின் கடையை மூடிவிடலாம் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். நான் மூடவில்லை. பொம்பிளை மண்டியில் உட்காருவதா என்று முணுமுணுத்தவர்கள், அறுவடை வந்ததும் மூட்டையோடு வந்து நின்றார்கள். ஒரு கைப்பிடிக் காயை உடைத்துப் பருப்பைத் தேய்த்துப் பார்த்து ஈரம் சொல்ல எனக்குப் பழகிவிட்டது. சத்தம் போடவும் பழகிவிட்டது. சொன்னால் சிரிப்பாய் இருக்கும், அவர் விட்டுவிட்டுப் போன சண்டைகளையெல்லாம் நான்தான் போட்டேன்.

மறுவருஷம் சித்திரை வெயிலில் ஒருநாள் நண்பகல். கடை வாசலில் காய்ப் பதம் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்ட் பக்கமிருந்து மொட்டைத் தலையும் வெள்ளை வேட்டியுமாக ஒருவர் வந்தார். அருகில் வரும்வரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு இளைத்திருந்தார். கண் மஞ்சளாக இருந்தது. சட்டைப் பை இல்லாததால் பஸ் டிக்கெட்டைக் கையிலேயே வைத்திருந்தார்.

முனிவரோடு போனவர்கள் வண்டி ஏறக்கூடாது. எத்தனை மைலானாலும் நடைதான். அதனால் அந்த டிக்கெட்டைப் பார்த்ததுமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"இன்னா, பஸ்லயா வந்தீங்க?"

"ஆமா. நடக்க முடியல" என்றார்.

எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் பாய் விரித்தேன்.

மஞ்சள் காமாலை. போதாததற்கு வயிற்றில் புண். ஒருவேளைச் சாப்பாடும் வெயில் நடையும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு தடவை வழியில் விழுந்திருக்கிறார். முனிவரே கூப்பிட்டு, "இன்னும் உனக்குத் துறவு குடுக்கல. நீ எதையும் முறிக்கல. வீட்டுக்குப் போய் உடம்பப் பாத்துக்க" என்று அனுப்பிவைத்திருக்கிறார். விரட்டவில்லை, கோபிக்கவில்லை. ஆனாலும் அதைச் சொல்லும்போது என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

கீழாநெல்லியும் மோர்ச்சாதமுமாக உடம்பு மெல்லத் தேறியது. மனசுதான் தேறவில்லை. வாசலுக்கு வரமாட்டார், கோயிலுக்குப் போகமாட்டார். ஊர்க்காரர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு அவரிடம் எப்படி நடந்துகொள்வது என்று தெரியவில்லை. பழையபடி தோளில் தட்டிப் பேசலாமா, கைகூப்பிக் கும்பிட வேண்டுமா? எது சரி என்று புரியாமல் எங்கள் கடையைத் தாண்டும்போது வேகமாக நடந்தார்கள். அவமானப்படுத்த வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. அதுதான் எங்களுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

எதிர்வீட்டுக்காரிதான் முதலில் வந்தாள். ஒரு செம்பில் கஞ்சி கொண்டுவந்து, நேராக அவர் படுத்திருந்த இடத்துக்கே போய் நின்றாள்.

"மாமா, போன வருஷம் நடுத்தெருவுல உங்க கால்ல விழுந்தேனே, முட்டி சிராஞ்சி போச்சி தெரிமா? அந்தக் கும்புட்ட இப்ப திருப்பிக் குடுங்க."

அவர் அவளையே பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தார். அப்படியே படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, "இந்தாம்மா" என்று அவளை நோக்கிக் கைகூப்பினார். "சரியாப் போச்சி. கஞ்சி ஆறுது, குடிங்க" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு கடைக்கு வந்து உட்கார ஆரம்பித்தார். நான் எழுந்து இடம் கொடுத்தேன். "நீயே இரு. என்னவிட நீ நல்லா கத்துற" என்று சொல்லிவிட்டுத் தராசுப் பக்கம் போனார். பிரம்மசாரி விரதத்தை மட்டும் அவர் விடவில்லை. முன் அறையில் தனியாகத்தான் படுத்தார். அதில் எனக்கு வருத்தமே இல்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் காலையில் எழுந்ததும் அவர் கிணற்றில் தண்ணீர் சேந்தும் சத்தம் கேட்கும். அது கேட்காமல் இருந்த மாதங்களை நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் விடியலில், "குன்றுக்குப் போறேன். வர்றியா?" என்று கேட்டார்.

அதுவரை நான் அங்கே போனதில்லை. என் வீட்டிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போன இடம் என்று அதன்மேல் எனக்குக் கோபம். அன்று போனேன். பாறையின் முன்னால் காலை மடித்து, முதுகை நிமிர்த்தி, மூச்சு வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிரு என்றார். மனசு மூச்சில் எங்கே நின்றது? நனைந்த மூட்டைகளைக் காயப்போட வேண்டுமே என்ற நினைப்புதான் வந்தது. கால் மரத்துப்போனது. கண்ணைத் திறந்து அவரிடம் அதைச் சொன்னேன்.

"எனுக்கும் அங்க அதேதான்" என்றார்.

"எது?"

"சாமி பக்கத்துல கண்ண மூடி உக்காந்தா மண்டிதான் வரும். நீ எப்டி எடை போடுறியோன்னு. உன்ன ஏமாத்துறானுங்களோன்னு. இங்க உக்காந்திருந்தப்ப வராத நெனப்பெல்லாம் அங்க போனப்புறம் வந்துது."

அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமா துக்கமா என்று சொல்லத் தெரியவில்லை. சூரியன் மேலே ஏறி வெயில் எங்கள்மேல் விழும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

அடுத்த மழைக்காலம் கழிந்து அதே முனிவர் மறுபடி செஞ்சிக்கு வந்தார். முனிவர்கள் நாளுக்கு ஒரேஒருமுறை, காலையில், யாராவது ஒரு வீட்டில் நின்றபடியே கையில் ஏந்திச் சாப்பிடுவார்கள். எந்த வீடு என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் கணவனும் மனைவியும் குளித்து, தூய உணவு சமைத்து, கலசத்தோடு வாசலில் நின்று அழைப்பார்கள்.

"நாமும் நிக்கலாமா?" என்று அவர் என்னிடம் கேட்டார். நான் விடியலிலேயே அடுப்பு மூட்டியிருந்தேன்.

வாசலில் நின்றோம். முனிவர் வந்தார். "நமோஸ்து சாமி, நில்லுங்க, உணவு சுத்தமா இருக்குது" என்று இருவரும் சேர்ந்து சொன்னோம். அவர் எங்களைப் பார்த்தார். முகத்தில் மாற்றம் ஒன்றும் இல்லை. எங்களைத் தாண்டிப் போய் எதிர்வீட்டு வாசலில் நின்றார்.

நான் கணவரைத் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை. அதற்குள் எதிர்வீட்டிலிருந்து அவள் ஓடி வந்தாள். வாழ்நாளில் அவள் வீட்டில் முனிவர் நின்றதில்லை.

"மாமா, சீக்கிரம் வாங்க! எவ்ளோ ஊத்தறது, இன்னா மொதல்ல குடுக்கறதுன்னே தெரில."

அவர் போனார். நானும் பின்னாலேயே போனேன். முனிவரின் பாதம் கழுவியதும், அவர் குவித்த கையில் முதலில் வெந்நீர், பிறகு ஒவ்வொரு கவளமாகச் சோறு, பருப்பு. சோற்றில் ஒரு மயிர் கண்ணில் பட்டாலும் முனிவர் அன்றைக்குச் சாப்பாட்டை நிறுத்திவிடுவார். அதனால் என் கணவர் ஒவ்வொரு கவளத்தையும் வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்து அவளிடம் கொடுத்தார். "மெதுவா. அவர் மெல்றத பாரு. இப்ப குடு" என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். கூடியிருந்தவர்கள் எல்லோரும் அவர் சொன்னபடி நகர்ந்தார்கள், அவர் சொன்னபடி நின்றார்கள். எப்படி நடந்துகொள்வது என்ற குழப்பம் யாருக்கும் இல்லை.

சாப்பாடு முடிந்து கை கழுவியபின் முனிவர் அவரைப் பார்த்து, "வயிறு எப்டி இருக்குது?" என்று கேட்டார்.

"தேவலாம் சாமி. மூணு வேள சாப்புடுறேன்."

"சாப்பிடு" என்றார் முனிவர். அவ்வளவுதான்.

முனிவர் ஊரைவிட்டுப் போன பிறகு, எதிர்வீட்டுக்காரியும் இன்னும் நாலைந்து பேரும் தங்களுக்கும் தியானத்தில் உட்காரச் சொல்லித்தர வேண்டும் என்று கேட்டார்கள். குன்றுக்கு எல்லோராலும் வர முடியாது. லோடு வராத ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் மண்டியின் உள்கூடத்தைப் பெருக்கிப் பாய் விரித்துக் கொடுத்தேன். சுற்றிலும் மூட்டைகள், மல்லாட்டை வாசனை. கண்ணை மூடிக் கொஞ்ச நேரத்தில் ஒருத்தி குறட்டை விடுவாள். மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர் யாரையும் கண்டிக்கமாட்டார், எல்லோரும் தாமாகக் கண் திறக்கும்வரை காத்திருப்பார். அப்புறம் எல்லோருமாகக் கோயிலுக்குப் போவோம்.