சம்பந்தியம்மாளின் மூதாட்டிக்குப் பிறந்த வீடு தேடிய பங்குனி உத்திரம்

ஒரு காலை ஊன்றி மறுகாலைத் தூக்கித் தில்லையில் நின்றாடும் பெருமானே, இதை எழுதி முடிக்கும் வரையிலேனும் என் சினம் சொல்லில் ஏறாமல் காத்தருள்வாய்.

அன்று பங்குனி உத்திரம், வெள்ளிக்கிழமை. உமையம்மையைப் பெருமான் கைப்பிடித்த நாள். நானும் மனைவியும் ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட் நகரில், மகன் வீட்டில் தங்கியிருந்தோம். மருமகள் அமெரிக்கப் பெண். அவளுடைய தாயார், என் சம்பந்தியம்மாள், ஒரு வாரம் வந்திருந்தார். பேத்தியைக் கொஞ்சுவதற்காக அல்ல. தம் குலத்து மூதாட்டி ஒருவரின் பிறந்த வீட்டைத் தேடுவதற்காக. அமெரிக்கா ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த காலத்தில் இந்நாட்டிலிருந்து கப்பலேறிப் போனவராம் அம்மூதாட்டி. அங்குள்ள கல்லறையில் இன்னாருடைய மனைவி என்று மட்டுமே பொறித்திருக்கிறது. இன்னாருடைய மகள் என்பதையும் அறியாமல் தாம் கண்மூடக் கூடாது என்பது சம்பந்தியம்மாளின் தவிப்பு. பிறந்த ஊரை மட்டும் கண்டுபிடித்திருந்தார்: ரைன் நதிக்கு அப்பால், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிற்றூர். அவ்வூர்த் தேவாலயத்தில் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் இருந்தன.

செவ்வாயன்றே போகலாம் என்றார். செவ்வாய்க்கிழமையில் எவரேனும் நற்காரியம் தொடங்குவார்களா? ஒரு பெண்ணின் பிறந்த வீட்டைத் தேட அம்மையின் திருமண நாளைவிட உகந்த நாள் ஏது என்று எடுத்துச் சொன்னேன். அவர் மதித்து இசைந்தார்.

"வெள்ளிக்கிழமை எனக்கு லீவுதான்ப்பா. கார்லயே போயிடலாம்" என்றான் மகன். என்ன லீவு என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

புனித வெள்ளி! அவ்வூரில் ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. சம்பந்தியம்மாளோ, அந்நாளில் தேவாலயம் பூட்டியா இருக்கும் என்று எண்ணிவிட்டாராம். திறந்துதான் இருந்தது, வழிபாட்டுக்கு. முடியும்வரை குளிரில் காத்திருந்தோம். வெளியே வந்த பாதிரியாரிடம் மகன் கெஞ்சிப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

"துக்க நாளாம்ப்பா. இன்னிக்கு ஆபீஸைத் திறக்க மாட்டாராம். மண்டே வரைக்கும் ஈஸ்டர் லீவு. செவ்வாய்க்கிழமை வரச் சொல்றார்."

"இவங்க நாளைக்குக் காலையில பிளைட் ஏறணுமேடா!" என்ற என் மனைவி, என் பக்கம் திரும்பினாள். "செவ்வாய் ஆகாதுன்னு துரத்தினீங்க. இப்ப செவ்வாயேதான் வேணுமாம். உங்க பஞ்சாங்கத்தை அந்தப் பாதிரியார்கிட்டயே குடுத்துட்டு வாங்க."

எனக்கு எரிச்சல் தாளவில்லை. பாதிரியாரைக் கடிந்துகொள்ளவும் வழியில்லை. சிவராத்திரிப் பூசையின்போது எவராவது வந்து ஏடு கேட்டால் நானும் எழுந்திருக்க மாட்டேன்.

திரும்பும் வழியில் சம்பந்தியம்மாள் என்னை ஒரு சொல்லும் கடியவில்லை. உங்கள் கொள்ளுப்பாட்டி யாருடைய மகள் என்று மட்டும் கேட்டார். அமாவாசைதோறும் கொள்ளுப்பாட்டியின் பெயர் சொல்லி எள்ளும் நீரும் இறைக்கிறேன்; எங்கள் கோத்திரத்தோடு சேர்த்தே சொல்கிறேன். அவருடைய தந்தையின் பெயர்? அதை நான் எவரிடமும் கேட்டுவைத்ததே இல்லை. நொந்துபோயிருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது?

செவ்வாயன்று மகன் அரைநாள் விடுப்பெடுத்துப் போய், சரியாக ராகுகாலத்தில் அப்பதிவேட்டைப் பிரித்தான். கப்பலேறிய பெண், மதுப்பீப்பாய் செய்யும் ஒருவரின் மகள். தொலைபேசியில் சம்பந்தியம்மாள் விம்மியது எனக்கும் கேட்டது. விம்மல் அடங்கியதும் என்னைக் கூப்பிடச் சொன்னார். உங்கள் கொள்ளுப்பாட்டியின் தந்தை பெயர் கிடைத்ததா என்றார்!

ஊரிலுள்ள உறவினர் அனைவருக்கும் எழுதிக் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அடுத்த அமாவாசையில், பீப்பாய் செய்தவரின் மகளுக்கும், தந்தை பெயரோடு, ஒரு கை நீர் இறைத்தேன். என் கொள்ளுப்பாட்டிக்கு அவ்வாறு இறைக்க இன்றுவரை எனக்கு வாய்க்கவில்லை.

இதைப் படிப்போர் யாவரும், தம் குலத்துக்கு வாழவந்த பெண்களின் பிறந்த வீட்டையும் அறிந்தவராய், சுற்றம் சூழ, நோயின்றி நெடிது வாழ அம்மையப்பன் அருள்க.