பாவிக்கக் கூடாது

உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து அலுமாரி என் பொறுப்பு. அது சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்குக் கொஞ்சம் கிறுக்கு உண்டு. மறுநாள் மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்றதும், மாதக் கடைசியில் காலாவதியாகும் மருந்துகளையெல்லாம் பெட்டியில் போட்டுக் கட்டினேன். அதில் அட்ரினலின் குப்பி மூன்றும் போய்விட்டன. குளவி கொட்டி மூச்சடைத்தால் உயிரைப் பிடித்து நிறுத்துவது அந்த ஊசிதான். புதியது நாளைக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு நாள்தானே என்று நினைத்தேன். யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடாமல் இருக்க, பெட்டியின்மேல் சிவப்பு மையில் 'பாவிக்கக் கூடாது' என்று எழுதி, நுவரெலியா மருந்துக் களஞ்சியத்துக்குத் திருப்பியனுப்ப, அங்கே போகும் காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, மலையில் குளவிக்கூடு கலைந்துவிட்டது. கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்ணொருத்தியை இடுப்பில் கட்டும் படங்கிலேயே போட்டுத் தூக்கி வந்தார்கள். முகம் வீங்கிக் கண்ணே தெரியவில்லை. மூச்சு விசில்போல் வந்தது.

"அட்ரினலின் எடுங்க," என்றார் டாக்டர் ஐயா.

"இல்லைங்க. காலையில அனுப்பிட்டேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அம்புலன்ஸ் வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். ஒட்சிசன் வைத்தார், சேலைன் ஏற்றினார், கையில் இருந்த வேறு ஊசியைப் போட்டார். நான் கண்டக்டருக்குப் போன் போட்டு, அரைகுறைச் சிங்களத்தில் அழாக் குறையாகக் கெஞ்சினேன். பஸ் கந்தப்பளையை நெருங்கியிருந்தது. எதிரே வந்த பஸ்ஸை மறித்துப் பெட்டியை அதில் ஏற்றிவிட்டதாக அவர் திரும்ப அழைத்துச் சொன்னார்.

ரோட்டில் போய் நின்றேன். வளைவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எட்டிப் பார்த்தேன். அம்புலன்ஸுக்கு முன்னால் பஸ்தான் வந்தது; பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் ஐயா என் சிவப்பு எழுத்தைப் பார்த்தார், குப்பியில் இருந்த திகதியைப் பார்த்தார், ஊசியைப் போட்டார். கொஞ்சம் கொஞ்சமாக விசில் சத்தம் அடங்கியது.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண் என்னைத் தேடி வந்தாள்.

"நீங்கதான் ஓடிப்போயி மருந்து கொண்டாந்தீங்களாம் மிஸ்."

"அனுப்பி வச்சதும் நான்தாம்மா," என்று நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அவள் மருந்து அலுமாரியைப் பார்த்தாள். பிறகு, "அந்த ஊசி இப்ப எத்தன இருக்கு?" என்று கேட்டாள்.

அலுமாரியைத் திறந்து காட்டினேன். பழையவை காலாவதியாகியிருந்தன; புதிதாக மூன்று கேட்டிருந்தேன், இரண்டுதான் வந்திருந்தது.

"அந்த மலையில நாங்க பதினாறு பேரு மிஸ்," என்றாள்.