பின்சீட்டுக் கண்ணாடி

வடமாலபேட்டையில் என் எதிர்வீட்டுக்காரர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிற மனுஷர். சிவந்த கண், மடித்துக் கட்டிய லுங்கி. வாயைத் திறந்தால் திட்டுதான்.

என் கார் சைலன்சர் ஒரு வாரமாக அலறிக்கொண்டிருந்தது. அன்று காலை சண்டைக்கே வந்துவிட்டார்.

"எம்மாம் சத்தம்! மனுசன் தூங்க வேணாவா?"

"காதுல பஞ்சு வெச்சிக்கோங்க" என்றேன்.

பல்லைக் கடித்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த காரின் புகைக்குழாய் வாயை ஈரத்துணியால் பொத்தினார். பின்சீட்டுக்கு அடியில் புஸ்ஸென்று சீறியது.

"ஓட்டை இங்க கீது. கண்ணாடிய ஏத்திக்கினா ஓட்டுற?"

"சத்தம் தாங்கலயே."

"பின்னால யாரு குந்திக்கினு வர்றது?"

"என் பொண்ணு. ஸ்கூலுக்கு."

"தல வலிக்குதுன்னாளா?"

சொன்னாள். தினமும் சொன்னாள். மட்டம் போடப் பார்க்கிறாள் என்று அதட்டியவன் நான்.

"புகைய உள்ள வெச்சி மூடிக்கினு போயிருக்கிற. நீயெல்லாம் ஒரு நைனாவா?" தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

குழாய் ஆறியதும் அவரே அடியில் படுத்து, எண்ணெய் டின் தகரத்தைச் சுற்றி, கிளாம்ப் போட்டு இறுக்கினார். மறுநாளே வெல்டிங் வைத்தேன்; சத்தம் நின்றது.

இன்றும் நான் கிளம்பும்போது தூக்கக் கண்ணோடு வாசலுக்கு வருகிறார். என் முகத்தைப் பார்ப்பதில்லை. பின்சீட்டுக் கண்ணாடி இறங்கியிருந்தால்தான் தன் வீட்டுக் கதவைச் சாத்துகிறார்.