ரிமோட்டை அமுக்கும் பொண்ணு

டிவியிலும் ரேடியோவிலும் அலைவரிசை பிடித்துக் கொடுக்கிற ட்யூனிங் வேலையில் எந்தச் சாமானும் மாறாது, எரிந்துபோன பாகம் என்று எடுத்துக் காட்ட ஒன்றும் இருக்காது. அதனால் வேலையே நடக்கவில்லை என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். வீட்டில் எல்லாருடைய செல்போனையும் சரிபண்ணிக் கொடுத்துவிட்டு, "அது தானா சரியாயிடுச்சு" என்ற பேச்சை வாங்கிக்கொண்டு நிற்பவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

நான் சுகன்யா. பிளஸ் ஒன்னோடு நின்றுவிட்டேன். வீட்டுக் கஷ்டம் என்று கதை விட மாட்டேன்; பிடிக்கவில்லை, நின்றேன். முத்துப்பேட்டையில் ஒரு டிவி, ரேடியோ ரிப்பேர் கடையில் சேர்ந்தேன். எனக்கு வேண்டியது பெஞ்ச். செட்டைப் பிரித்துப்போட்டு சால்டரிங் வைக்கிற மேஜையைத்தான் அப்படிச் சொல்வோம். ஓனர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "பொங்கல் வரைக்கும் வெளிவேலைக்குப் போ. ஒரு கஸ்டமராவது உன்னையே அனுப்பச் சொல்லிக் கேக்கட்டும், பெஞ்ச் உனக்கு. இல்லேன்னா ரீசார்ஜ் கவுன்டர்." என்னோடு பாபு அண்ணன் வருவார். நாற்பது வயசு. பைக் ஓட்டுவார், ஏணி தூக்குவார். ட்யூனிங் ஒன்றும் தெரியாது என்று அவரே சொல்வார். நல்ல மனுஷர்தான், அதுதான் பிரச்சினை.

தென்னை வளர்ந்த வீடு

பேராவூரணிப் பக்கம் ஒரு தோப்பு வீடு. பாதி சேனல் வருகிறது, பாதி வரவில்லை. டிஷ்ஷுக்கு நேர் எதிரே தென்னை. டிஷ் வைத்தபோது கன்றாக இருந்திருக்கும், இப்போது மட்டை குறுக்கே நிற்கிறது. "மரம் மறைச்சா எல்லாச் சேனலும்ல போவணும்?" என்றார் வீட்டுக்காரர். சரியான கேள்விதான். பலமான அலைவரிசை மட்டைக்குள் புகுந்து வந்துவிடும், பலமில்லாதது வராது என்றேன். அவர் அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சேனல் போன கோபத்தில் ஆட்டோ ட்யூனிங்கை வேறு அமுக்கியிருக்கிறார். மரம் மறைத்திருக்கும்போது தேடச் சொன்னால் பெட்டி கிடைத்ததை வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிடும்.

அழிந்த அலைவரிசைகளை ரிமோட்டில் ஒவ்வொன்றாக நானே போட்டேன். கடைசியில் பாபு அண்ணனை ஏணியில் ஏறி மட்டையைக் கம்பால் தள்ளிப் பிடிக்கச் சொன்னேன். படம் வந்தது. கம்பை எடுத்தார், போனது. டிஷ்ஷைக் கிணற்றடிப் பக்கம் மாற்றி வைத்தோம், எல்லாம் வந்துவிட்டது. வீட்டுக்காரர் இளநீர் வெட்டிப் பாபு அண்ணன் கையில்தான் முதலில் கொடுத்தார். "தம்பி மேல ஏறினதும்தான் படமே வந்துச்சு. இந்தப் பொண்ணு அரை மணி நேரமா ரிமோட்டை அமுக்கிட்டுக் கெடந்துச்சு."

சவுதி ரேடியோ

எங்கள் ஊரிலேயே ஒரு மாமி. மகன் சவுதியிலிருந்து ரேடியோ கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். ஆண்கள் வீட்டில் இல்லாததால் பாபு அண்ணன் வாசலோடு நின்றார், நான் மட்டும் உள்ளே போனேன். இன்றைக்கு ஏணி இல்லை, ஆம்பளை இல்லை, செய்தது நான்தான் என்று சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நினைத்தேன். சின்னக் கணக்குதான், தப்பாகப் போனது.

திருச்சி நிலையம் தொண்டை கட்டினதுபோல் கேட்டது. செட் பத்துப் பத்து கிலோஹெர்ட்ஸாகத் தாவுகிறது. நம் ஊரில் மீடியம் வேவ் நிலையங்கள் ஒன்பது ஒன்பதாகத்தான் நிற்கும். அதனால் செட் நிலையத்துக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நின்றதே தவிர, அதன் மேல் நிற்கவில்லை. அமெரிக்காவுக்கென்று செய்த செட்டை யாரோ அவன் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஒரு பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து ஒன்பதுக்கு மாற்றினேன். குரல் தெளிவாக வந்தது. மாமிக்குக் கண்ணெல்லாம் சிரிப்பு. மகனுக்கு உடனே போன் போட்டார். என்னைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று பக்கத்திலேயே நின்றேன். "ரெண்டு நிமிஷத்துல பாடுதுடா. செட்டுல ஒண்ணும் கோளாறே இல்ல, நான்தான் சும்மாவாச்சும் ஆளைக் கூப்பிட்டு வுட்டேன்."

படகில் நின்றுபோன ஸ்கேன்

கோடியக்கரையில் மீன் சீசன். ஒரு போட்டுக்காரரின் வயர்லெஸ் செட் ஸ்கேன் ஆகவில்லை. ஸ்கேன் என்றால் செட்டே ஒவ்வொரு சேனலாகத் தாவிப் பார்த்து, பேச்சு கேட்கிற இடத்தில் நிற்கும். எந்தப் போட்டுக்கு எங்கே மீன் பட்டது, யாருக்கு ஆபத்து, எல்லாம் அதில்தான் தெரியும். இவருடையது முதல் சேனலிலேயே 'உஸ்' என்று நின்றது.

அதில் ஸ்குவெல்ச் என்று ஒரு குமிழ் உண்டு, வெறும் இரைச்சலை அடக்குவதற்கு. இவர் அதை அடியோடு திறந்து வைத்திருந்தார். செட் அந்த இரைச்சலையே பேச்சு என்று நினைத்து அங்கேயே நின்றுவிட்டது. ஏன் திறந்தீர்கள் என்றால், "சத்தம் வந்தாத்தானம்மா செட்டு உசுரோட இருக்குன்னு தெரியும். கடல்ல அமைதியா கெடந்தா எங்களுக்குப் பயம்" என்றார். அதைக் கேட்டு எனக்குக் கோபமே வரவில்லை. இரைச்சல் அடங்குகிற அளவுக்குக் குமிழைத் திருப்பினேன். ஸ்கேன் ஓடியது. இரண்டு போட்டுக்காரர்கள் வலையைப் பற்றிச் சண்டை போடுவது கேட்டது. அமைதியாக இருந்தாலும் செட் கேட்டுக்கொண்டுதான் இருக்கும் என்று மூன்று தடவை சொன்னேன். பாபு அண்ணன் அந்நேரம் கேபின் மேல் நின்று, ஆட்டம் கண்ட ஆன்டெனாவைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். போட்டுக்காரர் அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "போதும் தம்பி, எறங்குங்க, வந்துருச்சு."

கேட்டு வந்த போன்

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது அதே போட்டுக்காரர் கடைக்குப் போன் செய்தார். ஓனர் ஸ்பீக்கரில் போட்டார். பக்கத்துப் போட்டிலும் அதே கோளாறாம். "அன்னிக்கு வந்தவங்களையே அனுப்புங்க" என்றதும் நான் எழுந்தே நின்றுவிட்டேன். "ஒசரமா, மேல ஏறி நின்னாரே, அவரு."

ஓனர் என்னைப் பார்த்தார். நான் அந்த வேலையைச் செய்தது அவருக்கும் தெரியும். "கஸ்டமர் கேட்டது பாபுவைத்தான், நான் என்ன செய்ய" என்று சொல்லிவிட்டு ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினார். பாபு அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவர், என் பக்கம் திரும்பி வந்து மெதுவாகக் கேட்டார்: "தங்கச்சி, அந்தக் குமிழை எந்தப் பக்கம் திருப்பினே?"

இப்போது ரீசார்ஜ் கவுன்டரில் இருக்கிறேன்; இங்கே ஒரு நம்பர் தப்பாகப் போய்விட்டால் மட்டும் என்னைப் பேர் சொல்லித்தான் கேட்டு வருகிறார்கள்.