மாடி அறை சீலிங்கில் பதினேழு வட்டம்

எங்கள் வீட்டு மாடி அறை சீலிங்கில் பழைய சொரசொரப்பு டிசைன். ஒட்டடை அடித்தால் ஒட்டடைக்குச்சிதான் தேயும். பெயிண்டர் பாபு அண்ணன் மூன்று நாள் சுரண்டி, பட்டி பூசித் தேய்த்து, இன்று காலை "கண்ணாடி மாதிரி கீதும்மா" என்றார்.

அந்த அறையில் வாடகைக்கு இருக்கும் முத்துச்செல்வி ஷிஃப்ட் முடிந்து வந்தாள். தென்காசிப் பெண். கார் கம்பெனியில் பெயிண்ட்டில் குறை கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை.

செல்போன் டார்ச்சைச் சாய்த்து அடித்தாள்.

"அண்ணே, கோவிச்சுக்கிடாதீங்க. இங்கன மேடா இருக்கு."

ஸ்டூலில் ஏறிப் பென்சிலால் வட்டம் போட்டாள். பிறகு இன்னொன்று. மொத்தம் பதினேழு.

அண்ணனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "இன்னாம்மா இது, வூடா காரா? இதுக்குத்தான் அந்தக் காலத்து மேஸ்திரி சொரசொரன்னு அடிச்சு எல்லாத்தையும் மறைச்சுட்டுப் போய்கீறான்!"

ஆனாலும் உப்புத்தாளோடு மறுபடி ஏறினார். கடைசி வட்டத்துக்கு அவரே, "டார்ச்ச அடி பாப்பா" என்றார். இப்போது நிஜமாகவே கண்ணாடி. எனக்குப் பரம திருப்தி.

கீழே எங்கள் ஹாலில் டீ குடித்து முடித்த அண்ணன், தன் போனை எடுத்து மேலே டார்ச் அடித்தார்.

"பென்சில் கீதாம்மா?"

ஒளித்து வைத்துவிட்டேன். உங்கள் வீட்டு சீலிங் எப்படி? டார்ச் அடிக்காமல் சொல்லுங்கள்.